பதினாலு என்று சொன்னவன் நான்

செவ்வாய்க்கிழமை. காலை ஏழு ஐம்பத்தொன்று. சைரன் அடிக்கிறது. ஓடுகிறோம்.

அன்றைக்குக் கப்பலில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நான் மறந்துவிடுவேன் என்பதால் இல்லை. வேறு யாராவது மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில்.

கேப்டன். சீஃப் ஆபீசர், மும்பைக்காரர். செகண்ட் ஆபீசர். சீஃப் இன்ஜினியர். செகண்ட் இன்ஜினியர். மாலுமிகளுக்கு மேஸ்திரி ஒருவர். மாலுமிகள் மூன்று பேர். இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிறவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் தூத்துக்குடி சேவியர். சாப்பாடு பரிமாறுகிறவர் ஒருவர். சமையல்காரன் நான், ஏழுமலை, பெங்களூர் ஸ்ரீராம்புரம்.

இது பதினாலு.

வெல்டர் சேகர். என் மனைவி விஜயாவின் தம்பி. அவனும் ஸ்ரீராம்புரம்.

பதினைந்து.

ஓடுகிறேன். ஒரு கையில் தண்ணீர் கேன். இன்னொரு கையில் ரொட்டிப் பை. சமையலறை வட்டக் கண்ணாடி வழியே இரண்டு படகு பார்த்தேன். சின்னப் படகு. ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஆடுகிற படகில் கையை எதிலும் பிடிக்காமல் நின்றான்.

ஸ்பீக்கரில் கேப்டன். "சிட்டடல்! சிட்டடல்! எல்லாரும் கீழே!" இரண்டு முறை. அதற்குள் டொம் என்று ஒரு சத்தம். கப்பல் முழுக்க அதிர்ந்தது. எங்கள் ஸ்ரீராம்புரத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் கூட்ஸ் வண்டியின் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு நிற்குமே, அந்தச் சத்தம். ஆனால் காதுக்குள்ளேயே. பிறகு துப்பாக்கி. தகரக் கூரை மேல் கல் விழுகிற மாதிரி. நிற்கவே இல்லை.

சிட்டடல் என்பது கப்பலின் அடியில், பின்பக்கம், சுக்கான் இயந்திரம் இருக்கிற இரும்பு அறை. கடற்கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லாரும் அதற்குள் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே இருந்தே இன்ஜினை நிறுத்திவிடலாம். கப்பல் நகராது. கொள்ளையருக்குப் பிடித்து வைத்துக்கொள்ள ஆள் கிடைக்காது. போர்க்கப்பல் வந்து மீட்கும். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு ஆள்கூட வெளியே இருக்கக் கூடாது. இருந்தால் அவன் தலையில் துப்பாக்கியை வைப்பார்கள். போர்க்கப்பல் கிட்டே வராது.

அதனால் கதவைச் சாத்துவதற்கு முன்னால் தலை எண்ண வேண்டும். அந்த வேலை சமையல்காரனுக்கு. தண்ணீரும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு கடைசியாக வருகிறவன் அவன்தான். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை. ஆங்கிலத்தில் பதினாலு பெயர்.

எண்ணினேன். கேன் கையில். மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு முதுகாகத் தொட்டு எண்ணினேன்.

சீஃப் ஆபீசர் கத்துகிறார். "கவுண்ட்? கவுண்ட்?"

"ஃபோர்ட்டீன் சார்!"

காகிதத்தைப் பார்த்தார். தலையாட்டினார். தாழ் விழுந்தது. எட்டு மணி இரண்டு நிமிடம்.

பதினாலு என்று சொன்னவன் நான்.

அன்று காலை ஆறரை மணிக்கு நான் உப்புமா போட்டு வைத்த சாப்பாட்டுத் தட்டு பதினைந்து. இருபத்தாறு நாளாகப் பதினைந்துதான் வைத்தேன். என் கைக்குப் பதினைந்து தெரியும். வாய் பதினாலு என்றது.

நான் பயந்த சுபாவக்காரன். ஊரில் எல்லாருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் காஸை மூடினேனா என்று மூன்று தடவை திரும்பிப் போவேன். பஸ் ஏறின பிறகு இறங்கி வந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஒரே ஒரு தடவை எண்ணினேன்.

ஏன் என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். ஒரு காரணம் தெரியும். பயிற்சி.

சேகர் ஏறின பிறகு இரண்டு முறை பயிற்சி நடந்தது. சைரன் அடிப்பார்கள். ஓடுவோம். எண்ணுவேன். பதினாலு. கதவைச் சாத்துவோம். அந்த இரண்டு முறையும் சேகர் மேலே வேலை செய்துகொண்டிருந்தான். முதல் தடவை நான் கேட்டேன். "சார், வெல்டர்?" சீஃப் ஆபீசர் சொன்னார், அவன் கான்ட்ராக்ட் ஆள், லிஸ்டில் இல்லை, வேலை கெடும், விடு. விட்டேன். கதவைச் சாத்தின பிறகும் அவன் கிரைண்டர் சத்தம் இரும்பு வழியாக இறங்கி வந்தது. கேட்டுக்கொண்டே எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அவனை வெளியே விட்டுத்தான் கதவைச் சாத்திப் பழகினோம். மூன்றாவது தடவையும் அதையே செய்தோம்.

நிஜமாக சைரன் அடித்தபோது சேகர் கப்பலின் முன்மூக்கில், நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறைக்குள் இருந்தான். துருப்பிடித்த தகட்டை வெட்டிக்கொண்டிருந்தான். கிரைண்டர் கையில். காதில் பஞ்சு. அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது.

*

அவன் எப்படி அங்கே வந்தான் என்று சொல்ல வேண்டும். நான்தான் வரவைத்தேன்.

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் கடலுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அத்திபெலேயில் ஒரு மொபைல் கடைக்கு மேலே ஏஜென்ட் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கப்பல் படம் போட்ட காலண்டர். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். கல்யாண சமையல், பிறகு கேன்டீன், பிறகு அந்த ஏஜென்ட் மூலமாகக் கப்பல். அது என் மூன்றாவது கப்பல். பழைய கப்பல். பெயரை மூன்று தடவை மாற்றியிருந்தார்கள். பெயின்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரியும்.

கப்பலில் தகடெல்லாம் ஓட்டை. வெல்டர் வேண்டும், ஒரு மாதத்துக்கு, சீக்கிரம் என்றார் ஏஜென்ட் போனில். சேகர் ஒக்கலிபுரத்தில் ஜன்னல் கிரில், கேட் செய்கிற பட்டறையில் இருந்தான். நல்ல கை. நான் அவன் பெயரைச் சொன்னேன். அவனுக்கு முப்பத்தொரு வயது. கடலைப் பார்த்ததே இல்லை.

விஜயாவுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு அவனை வழியனுப்பும்போது போனில் என்னிடம் சொன்னாள். "கூப்ட்டுக்கறது நீ. கூட்டிக்கினு வர்றதும் நீதான். ஒண்டியா வந்து நின்ன, கதவ தொறக்க மாட்டேன், ஆமா."

சார்ஜாவில் ஏறினான். சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஏணியில் ஏறி வந்ததும் தண்ணீரை எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமா, சுத்தி இவ்ளோ உப்பு வெச்சிக்கினு கொழம்புல போட மட்டும் கஞ்சத்தனமா?"

அன்று முழுக்க அதையே சொல்லிச் சிரித்தான். சேவியருக்கும் சொன்னான். "அண்ணே, எங்க மாமா சமையல சாப்ட்டுட்டு நீங்க இன்னும் உயிரோட கீறீங்களே, பெரிய விஷயம்."

அவன் பெயர் பட்டியலில் ஏறவில்லை. அடுத்த துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார் கேப்டன். ஏஜென்டும் அதையே சொன்னார். நான் இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று கேட்கவில்லை. காகித விஷயத்தில் நான் அப்படித்தான். அச்சடித்த காகிதம் என்றால் அதில் இருப்பதுதான் சரி, என்னைவிடப் படித்தவர்கள் எழுதியது என்று நினைத்துவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மீதி புரியாது.

ஸ்ரீராம்புரத்தில் என் வீடும் சேகரின் ஒற்றை அறையும் ஒட்டினாற்போல. நடுவில் ஒரே சுவர். எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. விடியற்காலை யாராவது ஒருவர் எழுந்து பார்ப்பார்கள். வந்துவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் மூன்று தடவை தட்டுவார்கள். டொக் டொக் டொக். எழுந்து குடத்தை வை என்று அர்த்தம். வரவில்லை என்றால் ஒரே ஒரு தட்டு. வரவில்லை, எழுந்துகொள்ளாதே, படு. அவர்கள் அடுத்த வீட்டுச் சுவரில் தட்டுவார்கள். அப்படியே சந்து முழுக்கப் போகும். யாரும் வாய் திறக்க வேண்டாம். எங்கள் பக்கம் தட்டுகிறவன் சேகர். ஸ்பேனரால் தட்டுவான். சுவரில் அந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி இருக்கிறது. இப்போதும் இருக்கிறது.

*

எட்டு ஒன்பது. உள்ளே இருட்டு. எமர்ஜென்சி விளக்கு ஒன்று. டீசல் நாற்றம்.

கதவில் சத்தம். டொக் டொக் டொக்.

இரும்பு மேல் இரும்பு. ஸ்பேனர்.

என் உடம்பு எனக்கு முன்னால் புரிந்துகொண்டது. கால் எழுந்துவிட்டது. சீஃப் ஆபீசர் கையைத் தூக்கினார். எல்லாரும் உள்ளே இருக்கிறோம், வெளியே இருப்பது கொள்ளையன், ஏமாற்றுகிறான் என்றார். காகிதத்தைக் காட்டினார். பதினாலு.

நான் கத்தினேன். "சேகரு! சேகரு சார் அது! என் மச்சான் சார்!"

அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லாருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தினம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

மறுபடி. டொக் டொக் டொக். எட்டு பதினொன்று.

தாழில் கை வைத்தேன். சேவியர் பின்னால் இருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தார். "ஏ அண்ணாச்சி, திறந்துராதீங்க! அவன் பின்னால யாரு நிக்கானோ! திறந்துராதீங்க!" இன்னும் இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். மேலே ஓடுகிற காலடி. நிறைய. துப்பாக்கி, இரண்டு முறை, ரொம்பக் கிட்டே. ஏணியில் யாரோ இறங்கும் சத்தம். அதட்டல். எந்த மொழியோ.

ஸ்பேனர் சத்தம் நின்றது.

இப்போதும் யோசிக்கிறேன். எட்டு ஒன்பதுக்குத் திறந்திருந்தால். இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் அவன் பின்னால் யாரும் இல்லை. இருந்திருந்தால் மறுபடி தட்டியிருக்க முடியாது; அது பிறகுதான் புரிந்தது. அப்போது தெரியாது. அப்போது தெரியாது என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு நாற்பது முதல் கதவை இடித்தார்கள். சுத்தியல். பிறகு கடப்பாறை மாதிரி ஒன்று. கதவு அசையவில்லை. ஒவ்வொரு அடிக்கும் எங்கள் பல் ஆடியது. ஒன்பது மணிக்கு நிறுத்தினார்கள்.

அப்புறம் அமைதி. அதுதான் மோசம்.

ஒன்பது இருபத்திரண்டு. வெளியே ஒரு சத்தம். டப். பிறகு உஸ் என்று சீறல். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒக்கலிபுரத்துப் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். காஸ் கட்டர் பற்றவைக்கிற சத்தம். கப்பலின் பட்டறை இன்ஜின் அறைக்கு மேலேதான் இருந்தது. சிலிண்டர் அங்கே. நீளமான ஹோஸ் உண்டு.

அவர்களுக்கு வெல்டர் கிடைத்துவிட்டான்.

கதவில், தாழுக்கு நேரே, ஒரு புள்ளி. முதலில் மங்கல். பிறகு சிவப்பு. பிறகு மஞ்சள். பெயின்ட் கொப்பளித்துக் கருகியது. பின்வாங்கினோம். பின்வாங்க இடம் இல்லை. பரிமாறுகிறவர் அழுதார். சீஃப் இன்ஜினியர் முழங்காலில் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்தார். மஞ்சள் புள்ளி நகர்ந்தது. ஒரு நகம் அளவு. இரண்டு நகம் அளவு.

சேகருக்கு அந்தக் கதவு பத்து நிமிட வேலை. கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவான்.

மஞ்சள் சிவப்பானது. சிவப்பு மங்கியது. சீறல் நின்றது. கத்தல், அடி விழுகிற சத்தம். மறுபடி டப் என்று பற்றவைக்கும் சத்தம். பற்றவில்லை. மறுபடி. பற்றவில்லை. மறுபடி அடி.

பிறகு கதவில் ஒரு தட்டு.

டொக்.

அடுத்ததுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஒன்றுதான்.

ஒன்பது முப்பத்தொன்று. துப்பாக்கி. ஒரு முறை.

*

அதற்குப் பிறகு இருபத்தேழு மணி நேரத்துக்கும் மேல் உள்ளே இருந்தோம். தண்ணீர் அன்று மாலையே தீர்ந்தது. பத்து லிட்டர் கேன் பதினாலு பேருக்கு. ரொட்டியை யாரும் தொடவில்லை. உள்ளேயே மூத்திரம். நாற்றம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தே கால். சீஃப் ஆபீசரின் கையில் இருந்த ரேடியோவில் குரல் வந்தது. போர்க்கப்பல். எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஒரே கேள்வி. எத்தனை பேர், எல்லாரும் உள்ளே இருக்கிறீர்களா?

சீஃப் ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் ஒரு கை தூரத்தில் இருந்தேன். ஒருவன் வெளியே என்று சொன்னால் ஏற மாட்டார்கள். பேச்சுவார்த்தை என்பார்கள். மாதக்கணக்கில் ஆகும். எங்களுக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் சேகர் உயிரோடு இருந்தால்? சுட்டது அவனைத்தானா? யார் பார்த்தது?

"ஃபோர்ட்டீன்," என்றார் ரேடியோவில். "ஆல் ஃபோர்ட்டீன் இன்சைட்."

வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. வேறு காரணம் எழுதினால் பொய்.

இது இரண்டாவது பதினாலு.

மதியம் ஒன்று பத்துக்குக் கதவைத் திறந்தோம். வெளியே கமாண்டோக்கள். கண் கூசியது. கொள்ளையர் ஐந்து பேரைக் கையைக் கட்டிக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஒரு படகில் முன்பே போய்விட்டார்கள்.

சேகர் இல்லை. கப்பல் முழுக்கத் தேடினேன். சங்கிலி அறை. சரக்கு அறை. சமையலறை. அவன் படுக்கிற பலகை. கூப்பிட்டுக்கொண்டே போனேன். சுவர் சுவராகத் தட்டினேன். மூன்று மூன்றாக.

கிடைத்தவை இவை. கதவுக்கு வெளியே ஸ்பேனர். ஏணியடியில் ஒரு ரப்பர் செருப்பு, இடது கால். தரையில் ரத்தம், கதவிலிருந்து ஏணி வரை இழுத்த தடம், ஏணிக்கு மேல் கைப்பிடிக் கம்பி வரை. அதற்கு அப்பால் கடல். பட்டறையில் ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது. காலி. ஹோஸை, சிலிண்டர் பக்கத்தில், காஸ் கசிகிற மாதிரி கத்தியால் கீறியிருந்தது. கொள்ளையர் கீற மாட்டார்கள். அவர்களுக்கு அது வேண்டும்.

கதவின் வெளிப்பக்கம், தாழுக்கு நேரே, ஒரு வெட்டு. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அந்த நீளம்தான்.

காஸைத் திறந்துவிட்டுத்தான் கீழே வந்திருக்கிறான். அவர்களுக்காகக் கொஞ்சம் வெட்டினான். தீருகிற வரைக்கும்.

*

துறைமுகத்தில் இறக்கினார்கள். ஓட்டல். ஏசி அறை. கம்பெனி ஆள் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் காகிதம். கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே விமானம். கேட்டேன், இதில் சேகர் பெயர் இருக்கிறதா. அது தனி காகிதம், பிறகு வரும் என்றார். நான் எட்டாவது படித்தவன். ஆங்கிலத்தில் எண்களை மட்டும் படிப்பேன். மூன்றாவது வரியில் 14 என்று இருந்தது. பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது பதினாலு.

விமானம் இறங்கி ரயிலில் பெங்களூர் வந்தேன். ஸ்டேஷனிலிருந்து ஸ்ரீராம்புரத்துக்கு நடந்தேன். ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போய்விடும் என்று நடந்தேன். சந்து முனையில் நின்றேன். கதவைச் சாத்தியதையும் சேகர் இல்லாததையும் ஓட்டலிலிருந்தே அவளிடம் போனில் சொல்லியிருந்தேன். கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கேட்டாள்.

"தட்டுனானா?"

"தட்டுனான்."

"எத்தினி வாட்டி?"

"முதல்ல மூணு. மறுபடியும் மூணு."

"கடசியா?"

"ஒண்ணு."

சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்த குழி. "படுத்துக்கோன்னு சொல்லிக்கீறான்," என்றாள். அதற்கு மேல் அவள் அழுததை எழுத மாட்டேன்.

அவள் நம்புகிறாள். எனக்கு நிம்மதி இல்லை. அவன் ஒன்றுதான் தட்டினானா? மூன்று தட்டப் போய் ஒன்றோடு கையைப் பிடித்துவிட்டார்களா? படு என்றானா, திற என்றானா? காஸ் காலியானது சாட்சி என்கிறாள் விஜயா. சரிதான். ஆனாலும் விடியற்காலை எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷன் போனோம். ஆளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். எங்கே காணாமல் போனார் என்று கேட்டார் எழுதுகிறவர். கடலில் என்றேன். "அந்தக் கடல் எந்த ஸ்டேஷன் லிமிட்டு?" என்றார். கிண்டல் இல்லை. அவருக்கும் நிஜமாகவே தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதினோம். பதில் வந்தது. கப்பலில் இருந்த பதினாலு பேரும் பத்திரம். பதினைந்தாவது ஆள் இருந்ததற்குப் பதிவு இல்லை. கீழே என் கையெழுத்தின் நகல்.

சேவியருக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. நான் வாயத் தொறந்தா அடுத்த கப்பல்ல எவன் ஏத்துவான்? மன்னிச்சிருங்க." வைத்துவிட்டார். அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி.

அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. சமையல்காரன் தினமும் எழுத வேண்டிய ரேஷன் நோட்டு. எத்தனை பேருக்குச் சமைத்தேன், எத்தனை கிலோ அரிசி, எத்தனை முட்டை. வாரம் ஒரு தடவை கேப்டன் கையெழுத்துப் போடுவார். பயத்தில் பெட்டியில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டபோது அதுவும் வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். இருபத்தாறு நாள். ஒவ்வொரு நாளும் என் கையால் 15. கீழே கேப்டன் கையெழுத்து, மூன்று இடத்தில். நான்காவது வாரம் முடியவில்லை.

நானும் விஜயாவும் அத்திபெலே போனோம். ஏஜென்ட் நோட்டைப் புரட்டினார். மூடினார்.

"நோடி, பாருங்க ஏழுமலை, இது அரிசி கணக்கு. இத வெச்சிக்கினு ஆளு இருந்தான்னு சொன்னா எவன் கேப்பான்?"

"பதினஞ்சாவது தட்டுல சாப்ட்டது யாருங்க அப்ப? பேயா?" என்றாள் விஜயா.

"அம்மா, கூகாட பேடா, கத்தாதீங்க. உக்காருங்க." டிராயரைத் திறந்தார். உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "ரெண்டு லட்சம் இருக்குது. கம்பெனி குடுக்கல, என் மனசுல இருந்து. கையெழுத்து வேணாம், பேப்பர் வேணாம். எடுத்துக்கினு போங்க. சேகர்னு ஒரு பேச்சு இனிமே வேணாம்."

நான் உறையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன். எடுத்துவிடலாம் என்றுதான் கை போனது. மூன்று தடவை பதினாலு சொன்ன கை அது. வேறென்ன செய்யும்.

விஜயா உறையை அவர் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு உன் மனசு வேணாம். அவன் வேல செஞ்ச கூலி எவ்ளோ? அத குடு. வவுச்சர் போட்டு குடு. சேகர்னு பேரு எழுதி, கப்பலு பேரு எழுதி, இருபத்தாறு நாளுன்னு எழுதி குடு. ஒரு ரூவா கூட கொறைய வேணாம், ஒரு ரூவா கூட சாஸ்தி வேணாம்."

ஏஜென்ட் சிரித்தார். "இருபத்தஞ்சும்மா. இருபத்தாறாவது நாளு வேல முடிக்கலியே அவன்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. "முடிச்சான்," என்றேன். "ஒன்பது முப்பத்தொண்ணு வரைக்கும் கையில கட்டர் இருந்துச்சு. பதினாலு பேர காப்பாத்துனான். அது வேல இல்லியா உங்களுக்கு? இருபத்தாறு."

எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் விஜயா என் கையை ஒரு தடவை தொட்டாள். அவ்வளவுதான்.

சேகரின் அறைக்கு வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தட்டுகிற வழக்கம் தெரியாது. தண்ணீர் வந்துவிட்டுப் போய்விடுகிறது. யாரும் தட்டுவதில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை தமிழில், என் கையால். பதினாலு என்று சொன்னது பொய், பதினைந்து பேர் இருந்தோம், சொன்னவன் நானே, என்று. நோட்டின் நகலை வைத்தேன். என்னை இனி எந்தக் கப்பலிலும் ஏற்ற மாட்டார்கள். தெரிந்துதான் அனுப்பினேன். மூன்று தடவை அல்ல, ஒன்பது தடவை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

போனவற்றின் கணக்கு இது.

ஆள், ஒருவன். சேகர், வயது முப்பத்தொன்று, வெல்டர். உடல் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் இல்லை. இருந்ததற்கே சான்று இல்லை, என் நோட்டைத் தவிர.

வலது கால் செருப்பு ஒன்று. இடது எங்களிடம் இருக்கிறது.

ஸ்பேனர் ஒன்று. கம்பெனி எடுத்துக்கொண்டது. கப்பல் சாமான் என்றார்கள். அது அவன் ஸ்ரீராம்புரத்திலிருந்து கொண்டுபோனது.

கதவில் இருந்த வெட்டு. அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டார்களாம்.

உயிரோடு வந்தவர்கள், பதினாலு.

கூலி, நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு. இருபத்தாறு நாளுக்கு ஐம்பத்தேழாயிரத்து இருநூறு. அத்திபெலேயில் முன்பணமாகக் கொடுத்தது பதினைந்தாயிரம்.

வவுச்சரில் சேகர் என்று பெயர் எழுதி, இன்னும் தர வேண்டியது: ரூபாய் நாற்பத்திரண்டாயிரத்து இருநூறு.